தலைப்பிரட்டையின் கண் கற்பிக்கும் பாடம்

முதலமடையில் ஆனி மாத மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும்; மாந்தோப்புகளின் ஓரத்துப் பள்ளங்களில் நீர் தேங்கிவிடும். அன்றிரவே தவளைகளின் கச்சேரி தொடங்கும். சில நாட்களில் அதே பள்ளங்களில் கரிய புள்ளிகள் வாலை ஆட்டிக்கொண்டு திரியும். சிறுவயதில் அவற்றைப் பாட்டிலில் பிடித்து அடைக்காதவர் எங்கள் ஊரில் ஒருவரும் இரார். தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் ஊர் அது. தமிழ் வீட்டுப் பிள்ளைகள் அதனைத் தலைப்பிரட்டை என்போம். மலையாள வீட்டுப் பிள்ளைகள் வால்மாக்ரி என்பார்கள். ஒரு மொழி தலையைப் பார்த்துப் பெயர் வைத்தது. மற்றொரு மொழி வாலைப் பார்த்து வைத்தது. எது சரி என்று நாங்கள் சண்டை போட்டதுண்டு. விலங்கியல் மாணவனாகிவிட்ட இன்று என் கவனமெல்லாம் அந்தத் தலையில், அதிலும் அதன் இரு பக்கத்திலும் உள்ள கண்களில் நிற்கிறது. அதற்குக் காரணம் என் அம்மாயி.

அம்மாயிக்குக் கண் நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா. பக்கவாட்டுப் பார்வை முதலில் போயிற்று. பிறகு நடுப்பார்வையும் குறைந்தது. மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: “கண்புரையாக இருந்தால் அறுவை செய்து லென்ஸ் வைத்துவிடலாம். இது கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு பட்டுப்போன சங்கதி. இருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது.” வீடு திரும்பும் வழியில் அம்மாயி என்னிடம் கேட்டார்: “பட்ட கொம்பு ஏன் கண்ணு தளிர்க்காது?” எனக்கு அப்போது விடை தெரியவில்லை. அடுத்த ஆண்டு வகுப்பில், தவளையின் பார்வை நரம்பை வெட்டினாலும் அது மீண்டும் வளர்ந்து மூளையைச் சேரும் என்று கேட்டபோது திடுக்கிட்டேன். பள்ளத்துத் தவளைக்கு வாய்த்த பேறு நம் பாட்டிகளுக்கு ஏன் வாய்க்கவில்லை? இக்கட்டுரை அக்கேள்வியைத் தேடிச் சென்றதன் விளைவு.

உயிரியல் படிக்காத நண்பர்களும் இதழைப் படிப்பார்கள் என்பதை மனத்தில் வைத்து, ஆற்றொழுக்காகவே சொல்லப் பார்க்கிறேன். எங்கேனும் தவளைப் பாய்த்தாகப் போய்விட்டால், பொருளுக்கு ஏற்ற நடை என்று கொண்டு பொறுத்தருள வேண்டுகிறேன்.

கண்ணிலிருந்து மூளைக்கு

நம் கண்ணின் பின்சுவரில் விழித்திரை இருக்கிறது. ஒளியை முதலில் உணரும் அணுக்கள் வேறு. உணர்ந்ததைத் திரட்டி மூளைக்கு அனுப்பும் நரம்பணுக்கள் வேறு. இந்த இரண்டாம் வகை நரம்பணு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் உண்டு. விழித்திரைக்குள்ளேயே விரிந்து செய்தியை வாங்கும் கிளைகள் ஒரு பக்கம்; மூளைவரை நீண்டு செய்தியைக் கொடுக்கும் ஒரே நீண்ட இழை மறுபக்கம். அந்த இழைகள் எல்லாம் கயிறுபோல் ஒன்றாய்த் திரண்டதே பார்வை நரம்பு. மனிதனின் ஒரு கண்ணில் அத்தகைய இழைகள் ஏறத்தாழப் பத்து இலட்சம் உள்ளன.

தவளையில் இவ்விழைகள் நடுமூளையின் மேற்பகுதியைச் சென்று சேர்கின்றன. அப்பகுதிக்கு டெக்டம் என்று பெயர். இலத்தீனில் அதற்குக் கூரை என்றே பொருள். நாமும் மூளைக்கூரை என்று சொல்லிக்கொள்வோம். இடக்கண்ணின் இழைகள் வலப்பக்கக் கூரைக்கும், வலக்கண்ணின் இழைகள் இடப்பக்கக் கூரைக்கும் போகின்றன. அங்கே அவை கண்டபடி அமர்வதில்லை. விழித்திரையில் அடுத்தடுத்து இருந்த அணுக்களின் இழைகள் கூரையிலும் அடுத்தடுத்தே அமர்கின்றன. எனவே கண்முன் உள்ள உலகம் மூளைக்கூரையின்மேல் ஒரு வரைபடமாக விரிகிறது. ஈ எந்தத் திசையில் பறக்கிறது என்பதை அந்த வரைபடத்தை வைத்தே தவளை கண்டுகொண்டு நாக்கை நீட்டுகிறது.

ஆய்வகங்களில் இதனைப் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவின் நகத் தவளையில் ஆராய்கிறார்கள். 1930ஆம் ஆண்டளவில் கேப் டவுனில் பணியாற்றிய லான்சலட் ஹாக்பென் என்பவர், ஹார்மோன் செலுத்தினால் இத்தவளை எளிதில் முட்டையிடும் எனக் கண்டார். பெண்கள் கருவுற்றதைச் சோதித்தறிய இத்தவளை உலகெங்கும் சென்றது. அச்சோதனைக்கு வேறு வழி வந்த பிறகும், வேண்டும்போது முட்டை தரும் குணத்தால் ஆய்வகத்திலேயே தங்கிவிட்டது. அதன் முட்டை கருவுற்று ஏறத்தாழ மூன்று நாட்களுக்குள் கண்ணின் முதல் இழைகள் மூளைக்கூரையைத் தொட்டுவிடுகின்றன. தலைப்பிரட்டையின் தோலோ கண்ணாடிபோல் மெல்லியது. வண்ணமேற்றிய ஒற்றை இழை வளர்வதை, உயிரோடிருக்கும் பிராணியிலேயே நுண்ணோக்கியில் நேரே பார்க்கலாம்.

தலைகீழாக வேட்டையாடிய தவளை

இழைகளுக்கு இடம் எப்படித் தெரிகிறது? ஒரு காலத்தில் அறிஞர் பலர், நரம்புகள் எப்படியோ சேர்ந்துகொள்கின்றன, பிறகு பழக்கத்தால் பயன் அமைகிறது என்று கருதினர். ரோஜர் ஸ்பெரி என்னும் அமெரிக்க அறிஞர் 1940களில் இதனைச் சோதித்தார். நீர்ப்பல்லி போன்ற நியூட், தவளை ஆகியவற்றின் பார்வை நரம்பை வெட்டி, கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நரம்பு மீண்டும் வளர்ந்தது, பார்வையும் திரும்பியது. ஆனால் தலைக்குமேல் ஈயைக் காட்டினால் தவளை கீழே மண்ணைக் கவ்வியது. முன்னே காட்டினால் பின்னே பாய்ந்தது. எத்தனை முறை ஏமாந்தாலும் திருந்தவேயில்லை.

இதன் பொருள் யாது? ஒவ்வோர் இழையும் கண் திரும்பியதைப் பொருட்படுத்தாமல் தன் பழைய இடத்தையே தேடிச் சென்று சேர்ந்திருக்கிறது. இழைக்கும் இடத்துக்கும் இடையே ஏதோ வேதியியல் அடையாளம் இருக்கவேண்டும் என்று ஸ்பெரி கூறினார். 1963இல் அக்கருத்தை விரிவாக எழுதினார். எஃப்ரின் எனப்படும் புரதங்கள் அவ்வடையாளங்களில் முக்கியமானவை என்பது 1995இல் தெரியவந்தது. அவற்றை வீட்டு எண் எனலாம்.

எனினும் வீட்டு எண் தெரிந்தால் மட்டும் போதுமா? வழி நடக்க வேண்டும். தெரு வந்ததும் நிற்க வேண்டும். வீட்டுக்குள் சென்று குடியேற வேண்டும். இங்கேதான் வளர்ச்சிக் காரணிகள் வருகின்றன.

வளர்ச்சிக் காரணி என்றால் என்ன?

ஓர் அணு வெளியிடும் புரதம், மற்றோர் அணுவின் மேற்புறத்திலுள்ள ஏற்பியில் சென்று பொருந்தி, அதனை வளரவோ, பெருகவோ, உயிர் தரித்திருக்கவோ செய்தால் அதற்கு வளர்ச்சிக் காரணி என்று பெயர். பூட்டும் சாவியும் போல ஒவ்வொரு காரணிக்கும் ஏற்ற ஏற்பி உண்டு. ஏற்பி இல்லாத அணுவுக்கு அக்காரணி இருந்தும் இல்லாததே.

இதன் வரலாறு ஒரு படுக்கையறையில் தொடங்குகிறது. இத்தாலியில் 1938இல் வந்த இனவெறிச் சட்டங்களால் யூதப் பெண்ணான ரீட்டா லெவி மொண்டால்சினி வேலையை இழந்தார். தூரின் நகரில் தம் படுக்கையறையையே ஆய்வகமாக்கிக் கோழிக் கருக்களின் நரம்புகளை ஆராய்ந்தார். போர் முடிந்தபின் அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் விக்டர் ஹாம்பர்கருடன் சேர்ந்து பணியாற்றினார். 1950களில் ஸ்டான்லி கோஹனோடு நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்தார். அக்காரணி எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஏராளமாகக் கிடைத்தது. அதே சுரப்பியின் சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது அவை வழக்கத்துக்கு முன்னதாகவே கண்களைத் திறந்ததைக் கோஹன் கவனித்தார். அதனைத் துருவியதில் 1962இல் இன்னொரு காரணி, தோல் போன்ற மேலணிகளை வளர்ப்பது, பிரித்தெடுக்கப்பட்டது. இருவருக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது.

1982இல் பார்டே, எட்கர், தோனன் ஆகிய மூவரும் பன்றியின் மூளையிலிருந்து மற்றொரு காரணியைப் பிரித்தனர். மூளையிலிருந்து கிடைத்த நரம்பூட்டக் காரணி என்று அதற்குப் பெயர்; சுருக்கமாக பி.டி.என்.எஃப். என்பர். நாரணு வளர்ச்சிக் காரணி எனப்படும் எஃப்.ஜி.எஃப். என்பது வேறொரு குடும்பம். நம் தலைப்பிரட்டையின் கதையில் இவ்விரண்டுமே தலைமை மாந்தர்கள்.

வழியில் நிறைவு, வாசலில் குறைவு

எஃப்.ஜி.எஃப். காரணியைத் தவளைக் கண்ணில் ஆராய்ந்தவர்கள் கிறிஸ்டின் ஹோல்ட், சாரா மெக்ஃபார்லேன் முதலியோர். கண்ணின் இழைகள் மூளையில் செல்லும் பாதையில் இக்காரணி மிகுதியாக இருக்கிறது. மூளைக்கூரையின் வாசலுக்கு வந்ததும் குறைந்துவிடுகிறது. இது தற்செயலா, அன்றி இழைக்கு ஏதேனும் செய்தியா?

1995இல் வெளியான அவர்கள் ஆய்வில், வளரும் தலைப்பிரட்டையின் மூளைக்கு இக்காரணியை வெளியிலிருந்து கூடுதலாகக் கொடுத்தார்கள். பாதையும் வாசலும் ஒன்றுபோல் காரணியால் நிறைந்தன. இழைகள் வளராமல் இருந்தனவா? இல்லை, நன்றாகவே வளர்ந்தன. ஆனால் பல இழைகள் மூளைக்கூரைக்குள் நுழையாமல் அதனை ஒதுக்கிவிட்டு அப்பால் போய்விட்டன! அடுத்த ஆண்டு எதிர்ச் சோதனை நடந்தது. இழைகளின் ஏற்பி வேலை செய்யாதபடி செய்தார்கள். அப்போதும் பல இழைகள் இலக்கைத் தவறவிட்டன.

கூடினாலும் தவறு, உணராவிட்டாலும் தவறு. ஆகவே இழைக்கு வேண்டியது காரணியின் அளவில் நேரும் வேறுபாடு. பேருந்தில் உறங்கிக்கொண்டு வருபவன் இயந்திர ஓசை நின்றதும் விழித்து, “ஊர் வந்துவிட்டது” என்று இறங்குவதில்லையா? அதுபோல, காரணி குறைவதே இழைக்கு “இடம் வந்தது” என்னும் அறிவிப்பாகிறது.

குடியேற்றும் காரணி

வாசல் கடந்த இழை கூரையில் கிளை பரப்பி, அங்குள்ள அணுக்களோடு இணைப்பு ஏற்படுத்த வேண்டும். இதனை சூசனா கோஹன் கோரியும் ஸ்காட் ஃபிரேசரும் 1995இல் உயிருள்ள தலைப்பிரட்டையிலேயே கண்டனர். மூளைக்கூரையில் பி.டி.என்.எஃப். காரணியைச் செலுத்தியதும் இழை நுனியின் கிளைகள் பெருகிச் செழித்தன. அக்காரணியை முடக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்தியபோது கிளைகள் குறைந்தன. இரண்டே மணி நேரத்தில் இம்மாற்றம் தென்பட்டது.

இதில் இரண்டாம் சோதனையே எனக்கு மிகவும் அழகாகத் தோன்றுகிறது. வெளியிலிருந்து உரம் போட்டால் செடி தழைக்கும் என்பது மட்டும் தெரிந்தால், அந்த மண்ணில் முன்பே உரம் இருந்ததா என்பது தெரியாது. மண்ணிலிருப்பதை முடக்கிப் பார்த்துச் செடி வாடினால்தான், அது இயற்கையாகவே அவ்வுரத்தை உண்டு வந்தது என்று துணியலாம். கொடுத்துப் பார்த்தல், தடுத்துப் பார்த்தல் என்னும் இவ்விரண்டும் சேர்ந்ததே நல்ல ஆய்வு. இதை நம் ஆய்வகக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

கோஹன் கோரியின் குழுவினர் 2001இல் மேலும் ஒன்றைக் காட்டினர். இக்காரணி கிளைகளைப் பெருக்குவதோடு, கிளைகளில் அமையும் நரம்பிணைப்புகளின் எண்ணிக்கையையும் கூட்டுகிறது. கிளையும் இணைப்பும் தோன்றுவதும் மறைவதுமாகவே இருக்கின்றன. பயன்படுவன நிலைக்கின்றன, ஏனையவை கழிகின்றன.

ஒரே பொருள், வேறு பொருள்

இதுவரை படித்தவர், பி.டி.என்.எஃப். என்றால் நரம்புக்கு நல்லுரம், எங்கே போட்டாலும் தழைக்கும் என்று எண்ணக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணினேன். பார்பரா லோம், கோஹன் கோரி ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தைக் குலைத்தது. அதே காரணியை மூளைக்கூரையில் இட்டால் இழை நுனியின் கிளைகள் பெருகுகின்றன. அதையே விழித்திரையில் இட்டால், அதே நரம்பணுவின் வாங்கும் கிளைகள் குறைகின்றன! ஒரு முனையில் “விரிந்துகொள்” என்னும் சொல், மறுமுனையில் “அடங்கியிரு” என்று பொருள்படுகிறது.

2002இல் இன்னொரு வியப்பு வெளிவந்தது. காரணியை மூளைக்கூரையில் இட்டால், தொலைவிலுள்ள விழித்திரையின் கிளைகளும் பெருகின. சென்ற இடத்தில் நல்ல குடியிருப்பு அமைந்த செய்தி, இழை வழியாகவே பிறந்த வீட்டுக்கு எட்டுகிறது போலும்!

தமிழில் நமக்கு ஒரு வசதி. பொருள் என்னும் ஒரே சொல் பண்டத்தையும் குறிக்கும், அர்த்தத்தையும் குறிக்கும். ஒரே பொருளுக்கு இடத்துக்கேற்ப வேறு பொருள் உண்டு என்று சொன்னால் தவளைக் கண்ணின் தத்துவம் முழுதும் அதில் அடங்கிவிடுகிறது.

இந்தத் தத்துவத்துக்கு நம் நாட்டிலிருந்தே ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. புவனேசுவரத்து உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்பதா மொகந்தி ஹெஜ்மாடியும் உடனுழைத்தவர்களும், ஒருவகைத் தலைப்பிரட்டையின் வாலை வெட்டிவிட்டு வைட்டமின் ஏ கலந்த நீரில் வளர்த்தனர். வெட்டிய இடத்தில் வால் வளரவேண்டியதற்குப் பதிலாகக் கால்கள் முளைத்தன. 1992இல் ‘நேச்சர்’ இதழில் அது வெளியாயிற்று. வைட்டமின் ஏ வளர்ச்சிக் காரணிப் புரதம் அன்று. ஆயினும் உடலுக்குள் அதுவும் இடம் உணர்த்தும் குறியாகவே பணியாற்றுகிறது. கண்ணுக்கு நல்லதென்று நாம் கேரட்டிலும் முருங்கைக்கீரையிலும் தேடும் சத்து, தவறான இடத்தில், தவறான அளவில் வால் இருக்கவேண்டிய இடத்தில் காலை நட்டுவிடுகிறது.

வரைந்து முடியாத படம்

இன்னொரு புதுமையும் சொல்ல வேண்டும. தலைப்பிரட்டை வளர வளர அதன் விழித்திரையும் வளர்கிறது. மரத்தின் வளையம்போல் விளிம்பைச் சுற்றிலும் புது அணுக்கள் சேர்கின்றன. மூளைக்கூரையோ வளையமாக வளர்வதில்லை. பின்புறத்தில் புது அணுக்களைச் சேர்த்துக்கொண்டு நீள்கிறது. இரண்டும் இரண்டு விதமாக வளர்ந்தால் வரைபடம் குலைந்துவிடாதா? குலைவதில்லை. இழைகள் பழைய இணைப்பை விட்டுப் புது இணைப்பைப் பற்றி, மெல்ல மெல்ல நகர்கின்றன. கூரையின்கீழ் குடியிருப்போர் வெளியேறாமலே வீட்டைக் கட்டிக்கொண்டு போவது போன்றது இது. கிளைகள் ஓயாமல் தோன்றி மறைவது ஏன் என்பதற்கும் இதில் விடை இருக்கிறது.

பின்பு உருமாற்றம் வருகிறது. இதன் தலைமை தைராய்டு ஹார்மோனுக்கு. 1912இல் குடர்னாட்ஷ் என்பவர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டு சுரப்பியை உணவாகக் கொடுத்தபோது அவை சிறிய உருவிலேயே அவசரமாகத் தவளைகளாயின. உருமாற்றத்தின்போது பக்கவாட்டில் இருந்த கண்கள் மேலும் முன்னும் நகர்கின்றன. இரு கண்ணாலும் ஒரே ஈயைப் பார்க்கும் நிலை பிறக்கிறது. அதுவரை எல்லா இழைகளும் எதிர்ப்பக்கம் சென்றன. இப்போது புதிய இழைகள் சில அதே பக்கத்து மூளைக்குத் திரும்புகின்றன. இழைகள் கடக்கும் சந்தியில் எஃப்ரின் என்னும் முன்சொன்ன அடையாளப் புரதம் அந்தப் பருவத்தில் தோன்றி அவற்றைத் திருப்பிவிடுகிறது. காலத்துக்கேற்பவும் பொருள் மாறுகிறது என்பது இதனால் விளங்கும்.

அம்மாயியின் கேள்வி

இனி, பட்ட கொம்புக்கு வருவோம். தவளையிலும், வெட்டுண்ட பார்வை நரம்பின் அணுக்கள் எல்லாம் பிழைப்பதில்லை, பல மடிகின்றன. பிழைத்தவை மீண்டும் வளர்ந்து இலக்கை அடைகின்றன. வெட்டிய முனையில் எஃப்.ஜி.எஃப். வகைக் காரணியொன்றை வைத்தால், கண்ணிலுள்ள நரம்பணுக்களிலேயே பி.டி.என்.எஃப். மிகுகிறது என்று போர்ட்டோ ரிக்கோ ஆய்வாளர்கள் 2006இல் காட்டினர். வழிகாட்டிய காரணியும் குடியேற்றிய காரணியும் ஆபத்துக் காலத்திலும் கைகோக்கின்றன.

நம் போன்ற பாலூட்டிகளின் நிலை வேறு. கிளாக்கோமாவில் பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் இழைகள் நெருக்குண்கின்றன. மூளையிலிருந்து இழை வழியாகக் கண்ணுக்கு வரவேண்டிய பி.டி.என்.எஃப். அங்கே தடைப்படுவதை விலங்குச் சோதனைகள் காட்டியுள்ளன. ஊட்டம் எட்டாத அணு மடிகிறது. அப்படியானால் கண்ணில் காரணியை ஊசியால் செலுத்திவிடலாமே? எலிகளில் செய்து பார்த்தார்கள். அணுக்களின் சாவு தள்ளிப்போயிற்று, நின்றுவிடவில்லை.

மனத்தைத் தேற்றும் செய்தியும் உண்டு. மாண்ட்ரீல் நகரின் ஆல்பர்ட் அகுவாயோ 1980களில் எலியின் பார்வை நரம்பை வெட்டி, அதன் முனையில் காலிலிருந்து எடுத்த நரம்பின் துண்டை ஒட்டினார். வளராது என்று கருதப்பட்ட இழைகள் அத்துண்டின் வழியே நீண்ட தூரம் வளர்ந்தன. எனவே நம் நரம்பணு வளரும் ஆற்றலை அடியோடு இழந்துவிடவில்லை. அது நிற்கும் சூழலும் வளரவிடாமல் தடுக்கிறது. வளர்ச்சிக் காரணி கண் மருந்தாகவும் வந்துவிட்டது. லெவி மொண்டால்சினி கண்ட அதே நரம்பு வளர்ச்சிக் காரணியைச் சொட்டு மருந்தாக்கி, நரம்புணர்வு கெட்டுப் புண்ணாகும் கருவிழி நோய்க்கு 2018இல் அமெரிக்கா அனுமதித்தது. அது கண்ணின் முன்புறத்துக்கு உரிய மருந்து. பின்புறத்துப் பார்வை நரம்பை மீட்பதன்று.

விடுமுறைக்குச் சென்றபோது அம்மாயியிடம் இவ்வளவையும் சொன்னேன். “தளிர்க்கும் சக்தி கொம்பில் இருக்கிறது, அம்மாயி. எந்தத் தண்ணீரை, எந்த வேரில், எப்போது ஊற்றுவது என்பதைத்தான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்” என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எனக்கு ஆகாட்டியும் பரவாயில்லை. உங்க அம்மா கண்ணைப் போய்க் காட்டச் சொல்லு” என்றார்.

என் கட்டுரையைவிட அவர் சொன்னதே உடனடிப் பயன் உள்ளது. கிளாக்கோமா பெரும்பாலும் வலியில்லாமல் வருவது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தார்க்கும் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு அதிகம். தொடக்கத்திலேயே கண்டால் சொட்டு மருந்தால் எஞ்சிய பார்வையைக் காக்கலாம். நாற்பதைத் தாண்டிய பெற்றோர் உள்ள நண்பர்கள், இந்த விடுமுறையில் அவர்களைக் கண் மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். விழித்திரையையும் கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த மழையில் எந்தப் பள்ளத்திலேனும் தலைப்பிரட்டையைக் கண்டால் ஒரு கணம் நின்று பாருங்கள். அந்தக் கடுகளவு கண்ணிலிருந்து ஓர் இழை புறப்பட்டு, வழியில் மிகுந்ததும் வாசலில் குறைந்ததும் உணர்ந்து, சேருமிடம் சேர்ந்து, கிளைவிட்டுக்கொண்டிருக்கிறது. பாட்டிலில் அடைக்க வேண்டாம். அதன் வேலை முடியட்டும்.